சைவ ஜீனும் சோழவந்தான் கறிச்சோறும்

போன வைகாசியில் சோழவந்தான் போயிருந்தேன். ஜெனகை மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் கறிச்சோறு. எல்லாருக்கும் ஆசை ஆசையாய் அள்ளிப் போட்டுவிட்டு, அத்தை மட்டும் ஓரமாய் உட்கார்ந்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டார்.

"என்னத்தே, விரதமா?"

"அதெல்லாம் இல்ல மருமகனே. நம்ம ரத்தத்துலயே சைவ ஜீன் இருக்காம்ல. அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சிருக்கான். கறி, முட்டையெல்லாம் நமக்கு ஒத்துக்காதாம். வாட்ஸப்புல வந்துச்சு."

எனக்குப் பகீர் என்றது. அத்தைக்கு ரத்தசோகை. முட்டையும் ஈரலும் சாப்பிடச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அத்தனையையும் ஒரு ஃபார்வேர்டு மெசேஜ் அழித்துவிட்டது.

சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது (எங்க ஊர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சிருச்சு, தெரியும்ல?) அத்தைக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். அந்த மெசேஜ் சுத்தப் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அதுதான் சிக்கலே.

குன்னூர் எலிகள்

சாப்பாட்டுக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி ரொம்பப் பழசு. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் நம்ம நீலகிரியில் நடந்தது. ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர், வெள்ளைக்கார அரசின் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் பெரிபெரி நோய் பற்றி ஆராய ஆரம்பித்தார். கை கால் மரத்து, வீங்கி, கடைசியில் இதயமே நின்றுபோகும் நோய் அது.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. பஞ்சாபிகள், கூர்க்காக்கள் எல்லாம் 'போர் இனம்', மதராசிகள் பிறவியிலேயே சோப்ளாங்கி. பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதே இந்தக் கணக்கில்தான்.

மெக்காரிசன் 1920-களில் ஒரு காரியம் செய்தார். ஒரே வகை எலிகளைப் பல கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு, ஒன்றுக்கு வங்காளிச் சாப்பாடு, ஒன்றுக்கு மதராசிச் சாப்பாடு என்று போட்டு வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், காய்கறி என்று சீக்கியச் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென்று முதலிடம். சோறே பிரதானமான மதராசிச் சாப்பாட்டு எலிகள் கடைசி. நமக்குக் கொஞ்சம் அவமானம்தான் :)

ஆனால் யோசித்துப் பாருங்கள். எலிக்கு ஏது சாதி, ஏது இனம்? எல்லாம் ஒரே வளர்ப்பு எலிகள். வித்தியாசம் ரத்தத்தில் இல்லை, தட்டில் இருந்தது.

பெரிபெரியும் அப்படித்தான். மதராஸ் மாகாணத்தில் அந்த நோய் அதிகம் இருந்தது வடக்குக் கடலோர மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திராவில். அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி. நம்ம பக்கம் புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டுப் பக்கம் இருக்கிற வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் மில்லில் தீட்டினாலும் முழுசாகப் போகாது. நெல் அவித்த நம்ம பாட்டிமார்கள் பேர் தெரியாமலே ஒரு நோயைத் தடுத்து வைத்திருந்தார்கள். இதில் ஜீனுக்கு வேலையே இல்லை.

அந்தக் குன்னூர் ஆய்வுக்கூடம்தான் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

22 எழுத்து

சரி, அமெரிக்காக்காரன் விஷயத்துக்கு வருவோம். 2016-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்து ஒரு கட்டுரை வந்தது. டாக்டர் பட்டம் முடித்துவிட்டு அங்கே மேலாய்வு செய்துகொண்டிருந்த கைசியோங் யெ, குமார் கோத்தபள்ளி, பேராசிரியர்கள் டாம் பிரென்னா, அலோன் கைனன் முதலானோர் சேர்ந்து எழுதியது.

மூளைக்கும் நரம்புக்கும் சில நீளமான கொழுப்பு அமிலங்கள் வேண்டும். மீன், கறி, முட்டையில் அவை ரெடிமேடாகக் கிடைக்கும். செடிகொடிகளில் இருப்பது கச்சாப்பொருள் மட்டும். உடம்புதான் அதை நீளமாக்கிக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்கான ஜீன்களில் ஒன்று எஃப்ஏடிஎஸ்2. அதற்குள் சிலருக்கு 22 எழுத்து கூடுதலாக இருக்கிறது. கூடுதல் எழுத்து இருந்தால் அந்தத் தொழிற்சாலை வேகமாக ஓடுகிறது.

புனேயில் பெரும்பாலும் சைவம் சாப்பிடும் 234 பேரைப் பார்த்தார்கள். 68 சதவீதம் பேருக்கு அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் அந்த 22 எழுத்து இருந்தது. அமெரிக்காவில் பார்த்த 311 பேரில் 18 சதவீதம்தான்.

கம்ப்யூட்டர் எதற்கு என்கிறீர்களா? பழைய பத்திரத்தைக் கையால் நகல் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பல தலைமுறை நகலில் ஆளுக்கொரு பிழை சேர்ந்து ஒன்றுக்கொன்று மாறிப்போகும். ஆனால் ஒரு வரியைச் சுற்றி மட்டும் நிறையப் பேரிடம் அதே பிழை, அதே மைக்கறை இருந்தால், அந்தப் பக்கத்துக்கு ஏதோ மவுசு இருந்து சீக்கிரம் பரவியிருக்கிறது என்று அர்த்தம். ஆயிரக்கணக்கான மனிதர்களின் டிஎன்ஏவில் இந்த 'அதே மைக்கறை'யைத் தேடுவது கையால் ஆகிற காரியமில்லை. தேடினார்கள். தெற்காசியாவில் இந்த 22 எழுத்தைச் சுற்றி அப்படி ஒரு தடம் இருந்தது. செடிகொடி உணவை நம்பி வாழ்ந்த முன்னோர்களுக்கு அது கைகொடுத்திருக்கிறது என்பது அவர்கள் முடிவு.

உடனே சில பத்திரிகைகள், 'சைவம் சாப்பிட்டால் டிஎன்ஏ மாறிப் புற்றுநோய் வரும்' என்கிற ரீதியில் அலறின. நம்ம ஊர் வாட்ஸப் பார்ட்டிகள் அதே ஆய்வை வைத்து 'நாம் பிறவிச் சைவம்' என்றார்கள். ஒரே கட்டுரை, இரண்டு பக்கமும் கோணல்!

யாருடைய ரத்தம்?

அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் உண்டு. உலகம் முழுக்க மரபணு சேகரித்த 'ஆயிரம் மரபணுத்தொகுதி'த் திட்டத்தின் தரவில், இரண்டு பக்கமும் 22 எழுத்து உள்ளவர்கள் தெற்காசியாவில் 70 சதவீதம், ஆப்பிரிக்காவில் 53, கிழக்காசியாவில் 29, ஐரோப்பாவில் 17. ஆப்பிரிக்கர்கள் என்ன கறி சாப்பிடாதவர்களா?

அந்தத் தெற்காசியர்கள் யார் தெரியுமா? லாகூர் பஞ்சாபிகள், வங்கதேசத்து வங்காளிகள், அமெரிக்காவின் ஹூஸ்டனில் வாழும் குஜராத்திகள், பிரிட்டனில் வாழும் தெலுங்கர்கள், இலங்கைத் தமிழர்கள். லாகூர்க்காரரிடமும் டாக்காக்காரரிடமும் இலங்கைத் தமிழரிடமும் போய், 'நீங்க பிறவிச் சைவம்' என்று சொல்லிப் பாருங்கள். மட்டனும் ஹில்சாவும் நண்டுக் குழம்பும் உங்கள் மேல் கொட்டும்.

அவ்வளவு ஏன், எங்க வைகையையே எடுத்துக்கொள்ளுங்கள். சோழவந்தானைத் தொட்டு, மதுரையைக் கடந்து ஓடும் அதே ஆற்றங்கரையில்தான் கீழடி. அங்கே கிடைத்த எலும்புகளில் மாடும் எருமையும் ஆடும் அடங்கும் என்று தொல்லியல் துறையின் 2019 அறிக்கை சொல்கிறது. உழவுக்கும் பாலுக்கும் வளர்த்தது பாதி என்றாலும், ஊரே கத்தரிக்காய்க் கூட்டில் வாழ்ந்தது என்று சொல்ல முடியாது.

எனக்கு இதில் புரிந்தது இதுதான். ஜீன் என்பது முன்னோர் சாப்பிட்டதன் மங்கலான கணக்கு நோட்டு. நாளைக்கு என்ன சமைக்கணும் என்று அதில் எழுதியிருக்காது. 22 எழுத்து கொழுப்பு அமிலத்தைத்தான் நீளமாக்கும். இரும்புச்சத்தை உண்டாக்காது. வைட்டமின் பி12-ஐ எந்த மனித ஜீனாலும் தயாரிக்க முடியாது.

அந்த ஆய்வாளர்கள் எச்சரித்தது எதை என்று பார்த்தால், எண்ணெயை! 22 எழுத்துக்காரர்கள் ஒமேகா-6 நிறைந்த எண்ணெயை நிறையச் சேர்த்தால், வேகமான தொழிற்சாலை அதை அராக்கிடோனிக் அமிலமாக மாற்றித் தள்ளும், அது உடம்பில் அழற்சியைக் கூட்டலாம் என்றார்கள். 'கூட்டலாம்' என்பதைக் கவனியுங்கள், தீர்ப்பு இல்லை. சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் ஒமேகா-6. நம்ம நல்லெண்ணெயும் இதில் உத்தமன் இல்லை, அதிலும் கணிசமாக உண்டு.

சைவமாக இருப்பது அவரவர் விருப்பம், நம்பிக்கை. அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. பால், தயிர், பருப்பு, கீரை என்று பார்த்துச் சாப்பிட்டு, டாக்டர் சொல்கிற மாத்திரையும் எடுத்துக்கொண்டால் நன்றாகவே இருக்கலாம். ஆனால் 'ரத்தத்துலயே எழுதியிருக்கு' என்று சொல்லி ஒரு ரத்தசோகைக்காரரின் தட்டிலிருந்து முட்டையை எடுப்பது பாவம். நூறு வருஷத்துக்கு முன்னால் 'மதராசி ரத்தம்' என்று சொன்னவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தை ஒன்றே ஒன்று கேட்டார். "லண்டன்ல இருக்குற தமிழாளுக ரத்தத்தப் பாத்துட்டு சோழவந்தான்ல நான் கறி திங்கக் கூடாதுண்டு சொல்லிருக்கான். அப்படித்தான?"

"அவங்க அப்படிச் சொல்லவே இல்லத்தே. வாட்ஸப்புதான் சொல்லுச்சு."

ராத்திரி தோசைக்கு ரெண்டு முட்டை உடைத்து ஊற்றினார். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு.

உங்க வீட்டிலும் இப்படி ஜீன் மெசேஜ் ஏதாவது வந்திருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள் மக்களே.