கேட்கப்படாத வினா

1955 ஜூலையில் இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பரவிய புதிரான நோய், ஏறத்தாழ முந்நூறு ஊழியரைத் தாக்கியது. மருத்துவமனையே தற்காலிகமாக மூடப்பட்டது. நோயாளிகளை நேரில் கண்ட மெல்வின் ராம்சே அதை உடல்நோய் என்றார்.

1970இல் மெக்இவேடியும் பியர்டும் ஒருவரையும் நேரில் ஆராயாமல், பழைய மருத்துவக் குறிப்புகளைக் கொண்டே அதனை ‘ஹிஸ்டீரியா’ என்றனர். பாதிக்கப்பட்டோரில் பெண்களே மிகுதி என்பது அவர்தம் வாதங்களுள் ஒன்று. நோயாளிகளின் சொல் நெடுங்காலம் ஐயத்துடனேயே கேட்கப்பட்டது. 1988இல் அமெரிக்காவில் சூட்டப்பட்ட ‘நாட்பட்ட சோர்வு நோய்க்குறி’ என்னும் பெயரோ, நோயை வெறும் களைப்பாகச் சுருக்கியது.

2015இல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின், உழைப்புக்குப்பின் நிலை மோசமாவதைக் கட்டாய அறிகுறியாக்கியது. நோயை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை இன்றும் இல்லை. ஆகவே, “உழைத்த மறுநாள் உடல் எப்படி இருக்கிறது?” என்னும் வினாவே மருத்துவரின் முதற்கருவி. 1970ஆம் ஆண்டுக் கட்டுரை கேளாது விட்டதும் அத்தகைய வினாவே.