கிராணி என்னும் சொல்



கம்போங் மேடானிலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி, பள்ளிப் படிவத்தில் தன் தாயாரின் தொழிலைக் 'கிராணி' என்று எழுதியிருந்தாள். மலாய்ச் சொல் எனக் கருதி அதனை அடித்து 'எழுத்தர்' என்று திருத்தினேன். மறுநாள் அவளுடைய பாட்டியார் வந்து, "வாத்தியாரய்யா, தோட்டத்துல நாங்க காலமெல்லாம் சொன்ன சொல்லு தப்பா?" என்று கேட்டார். விடை தேடி நூல்களைப் புரட்டினேன்.

பழைய ஆங்கிலத்தில் 'கிரானி' என்றொரு சொல் இருந்தது. சுவர்ப் பிளவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் இவ்வாறே எழுதுவர், அது வேறு. யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்த பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, இச்சொல் வங்காளத்தில் ஆங்கிலம் எழுதும் குமாஸ்தாவைக் குறித்தது என்கிறது. அப்பணியில் கலப்பினத்தார் மிகுந்திருந்தமையால், பின்னர் அவ்வினத்தாரையே இகழும் பெயராகவும் அது இழிந்ததாம். அதன் மூலம் இந்துஸ்தானியின் 'கரானி'. அதற்கும் மூலமாக வடமொழிக் 'கரண' என்பதைக் காட்டுகின்றனர். மலாயில் அதுவே 'கெரானி' ஆயிற்று.

அந்தக் 'கரணம்' நமக்குப் புதிதன்று! சோழர் கல்வெட்டுகளில் ஊர்க்கணக்கு எழுதியவர் 'கரணத்தான்'. தமிழக ஊர்களில் அவர் வழிவந்த கர்ணம் 1980 வரை இருந்தார், அவ்வாண்டில்தான் எம்.ஜி.ஆர். அரசு அப்பதவியை ஒழித்தது.

இலங்கைத் தோட்டங்களில் இவரை ஒத்தவர் கணக்கப்பிள்ளை. (அச்சொல்லும் 'கானிகோபொலி' எனச் சிதைந்து ஆங்கிலத்துள் நுழைந்தது.) மலாயாவில் கிராணியார். விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் குறிப்பவர் அவர். அன்றைய கூலி முழுப் பேரா, அரைப் பேரா என்பது அவர் பேனாவில் இருந்தது.

இவற்றைப் பாட்டியாரிடம் விளக்கினேன். கல்வெட்டுச் செய்தி அவரை ஈர்க்கவில்லை. "அவரு போட்ட கோடு முழுசா அரையான்னு எனக்குப் படிக்கத் தெரியாதுங்கய்யா. இப்ப என் மகளே கிராணி. அதை ஏன் அடிச்சீங்க?" என்றார்.

புதிய படிவம் ஒன்றை எடுத்து, நானே 'கிராணி' என்று எழுதிக் கொடுத்தேன்.