அலுவலகத்துக்குள் புகுந்த ஓசை

தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுத் தேறி, அந்தச் சான்றிதழை நம்பி வடக்கே ரயிலேறிய தமிழர்கள் ஒரு காலத்தில் எத்தனையோ பேர். பம்பாயிலும் கல்கத்தாவிலும் டில்லியிலும் குமாஸ்தாக்களாகவும் ஸ்டெனோக்களாகவும் அமர்ந்த அவர்களுடைய பகற்பொழுது தட்டெழுத்துப் பொறிகளின் சடசடப்பிலேயே கழிந்தது. நேயர்களில் பலருடைய தந்தையோ பாட்டனாரோ அவ்வாறு வாழ்ந்தவராக இருக்கலாம். அந்தச் சத்தம் மனிதனை என்ன செய்கிறது என்று கேட்டவர் உண்டா? உண்டு. ஆனால் அவர்கள் கேட்டதற்குக் காரணம் வேறு. அந்த வரலாறு சுவையானது.

அது அலுவலகத்தில் தொடங்கவில்லை. ஒரு கல்லூரி மண்டபத்தில் தொடங்கிற்று. 1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் ஃபாக் கலைக்கூடம் திறக்கப்பெற்றது. அதன் சொற்பொழிவு மண்டபத்தில் யார் பேசினாலும் ஒருவருக்கும் விளங்கவில்லை. பேச்சுக் கேட்கவில்லை என்பதன்று குறை. அளவுக்கு மீறிக் கேட்டது என்பதே குறை. சொல்லிய ஒரு சொல் சுவருக்குச் சுவர் மோதி ஐந்து விநாடிக்கு மேல் மண்டபத்திலேயே தங்கிற்று. அதற்குள் பேசுபவர் இன்னும் பத்துச் சொற்களைச் சொல்லிவிடுவார். எல்லாம் சேர்ந்து ஒரே முழக்கமாயிற்று.

இதைச் சீர்ப்படுத்தும் பொறுப்பு வாலஸ் கிளெமென்ட் ஸபைன் என்னும் பௌதிக ஆசிரியரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 27. பகலில் வீதியின் இரைச்சல் அளவுகளைக் கெடுத்துவிடும் என்பதால் அவர் இரவில் வேலை செய்தார். பக்கத்திலிருந்த ஸாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை உதவியாளர்களுடன் சுமந்து வருவார், ஓர் ஆர்கன் குழலை ஒலிப்பார், நிறுத்துவார், ஓசை செவிக்கு எட்டாமல் மறையும் வரை காலத்தை அளப்பார். மெத்தைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவார், மீண்டும் அளப்பார். விடிவதற்குள் மெத்தைகள் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும்! தம் உடலின் ஆடைகூட ஓசையைச் சிறிது உறிஞ்சுகிறது என்று கண்டபோது, எடுத்து வைத்திருந்த அளவுகள் பலவற்றைத் தள்ளிவிட்டு, பின்னர் ஒரே விதமான ஆடையுடனேயே சோதனையை நடத்தினாராம். இத்தகைய பிடிவாதம் இல்லாமல் எந்த விஞ்ஞானமும் பிறந்ததில்லை போலும்.

அவர் கண்ட விதி எளியது. அறையின் கொள்ளளவு பெருகினால் ஓசை தங்கும் காலம் பெருகும். அறையிலுள்ள பொருள்கள் ஓசையை உறிஞ்சும் திறன் பெருகினால் அக்காலம் குறையும். உறிஞ்சும் திறனுக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். ஜன்னல் வழியே சென்ற ஓசை திரும்பி வருவதில்லை அல்லவா? இந்த விதியைக் கொண்டு திட்டமிட்ட பாஸ்டன் நகரின் இசை மண்டபம் 1900-இல் திறக்கப்பெற்று, இன்றும் புகழுடன் விளங்குகிறது.

இசைக்கென்று பிறந்த இந்த அறிவை அலுவலகத்துக்கு இழுத்து வந்தது வாணிபம். இரும்புச் சட்டங்களின் மேல் எழுந்த புதிய கட்டடங்களில் கடினமான பூச்சும் கண்ணாடியும் மிகுந்தன. ஒரே கூடத்தில் பலர் வரிசையாக அமர்ந்து தட்டெழுதினர். தொலைபேசி மணிகள் இடைவிடாமல் அலறின. 1920-களில் ஒலி உறிஞ்சும் கூரைப் பலகைகள் அமெரிக்க அலுவலகங்களில் பரவின. அவற்றுள் பெயர் பெற்ற ஒன்று கரும்புச் சக்கையை அழுத்திச் செய்து, முகத்தில் துளைகள் இட்ட பலகை. நாம் அடுப்பெரிக்கும் சக்கை, அங்கே செவிக்கு அமைதி தரும் பண்டமாயிற்று.

அதே பத்தாண்டில் டெஸிபெல் என்னும் ஒலியளவு வழக்குக்கு வந்தது. கோல்கேட் பல்கலைக் கழகத்து உளவியலறிஞர் டானல்ட் லெயர்ட், இரைச்சலில் தட்டெழுதுவோர் அதே வேலைக்கு அதிகச் சக்தியைச் செலவிடுகின்றனர் என்று சோதனை செய்து கூறினார். பலகை விற்போருக்கு இது தேனாக இனித்தது. முதலாளிகளை நோக்கி அவர்கள் முழங்கிய வாதம் தொழிலாளியின் நலமன்று. வேலையின் வேகமும் பிழைகளின் குறைவுமே. இந்த நோக்கம் குறுகியது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் அதனால் நூற்றுக்கணக்கான கூடங்களில் குமாஸ்தாக்களுக்கு ஓரளவு அமைதி கிட்டியதை மறுப்பதற்கில்லை.

நம் நாட்டுப் பழைய அலுவலகங்களிலோ உயர்ந்த கூரையும் சுண்ணாம்புச் சுவரும் கல்தளமும் ஓசையைத் திருப்பி எறிந்தன. அலமாரி அலமாரியாக அடுக்கிய காகிதக் கட்டுகள் மட்டுமே, யாரும் கருதாமலே, அதில் ஒரு பங்கை விழுங்கின. 1955-இல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே தட்டெழுத்துப் பொறி செய்யத் தொடங்கியபின் சடசடப்பும் சுதேசியாயிற்று. ஒன்று சொல்ல வேண்டும்: பொறியின் ஓசை முழுவதும் பகையன்று. வரி முடியுமுன் ஒலிக்கும் சிறு மணியைக் கேட்டே தட்டெழுத்தர் கை திருப்பினார்.

1950-களின் இறுதியில் ஜெர்மனியில் சுவர்களை நீக்கி, மேசைகளைத் தோட்டத்துச் செடிகள் போல் பரப்பி வைக்கும் முறை தோன்றிற்று. 1968-இல் ராபர்ட் புரோப்ஸ்ட் என்னும் அமெரிக்கர் வகுத்த தடுப்புப் பலகை முறை வெளிவந்தது. அதன் வழித்தோன்றலே இன்றைய சிற்றறைத் தடுப்பு. பொறிகள் மெல்ல மறைந்தன. எஞ்சியது மனிதப் பேச்சு. அதுவே மிகக் கொடிய ஓசை என்பது பின்னர்தான் விளங்கிற்று.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனிச் சுவையுண்டு. புரியாத மொழிப் பேச்சு காதில் விழுந்தால் தொல்லையில்லை என்று எண்ணுவோம். 1976-இல் கோல், வெல்ஷ் என்னும் இருவர் செய்த சோதனையில், ஜெர்மன் அறியாதோர் எழுத்து வரிசையை நினைவில் வைக்க முயன்றபோது ஜெர்மன் மொழி வாசிப்பு அவர்கள் காதில் விழுமாறு செய்யப்பெற்றது. ஒரு சொல்லும் புரியாவிடினும் நினைவு தடுமாறிற்று. பக்கத்து மேசையின் மராத்தியோ வங்காளியோ தெரியாதது நமக்குக் கேடயமாகாது.

2000-ஆம் ஆண்டில் கேரி எவான்ஸும் டானா ஜான்சனும் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. குமாஸ்தா வேலை பார்க்கும் 40 பெண்களுள் ஒரு பகுதியினர் அமைதியிலும், மற்றோர் திறந்த அலுவலகத்தைப் போன்ற மிதமான இரைச்சலிலும் மூன்று மணி நேரம் அமர்ந்தனர். தட்டெழுதும் வேகம் இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒன்றே. அதிக மன அழுத்தம் உண்டா என்று கேட்டபோது, இரைச்சலில் இருந்தவர்கள் அப்படிச் சொல்லவுமில்லை. ஆனால் அவர்களுடைய சிறுநீரில் படபடப்பின் அடையாளமான அட்ரினலின் மிகுந்திருந்தது. பின்னர்க் கொடுத்த கடினமான புதிர்களை அவர்கள் விரைவில் கைவிட்டனர். இருக்கையில் உடலை அசைத்து வசதி செய்துகொள்வதுகூட அவர்களிடம் குறைந்திருந்தது. எழுபதாண்டுகளாக வேகத்தையே அளந்தவர்கள் காணத் தவறியது இதுதான்.

அதே 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசு ஒலி மாசு விதிகளை வகுத்தது. வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெஸிபெல், இரவில் 55 என்பது வரம்பு. இது சுற்றுப்புற வெளிக்கு உரிய கணக்கு; பக்கத்து மேசையில் ஒருவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பதை எந்த வரம்பில் சேர்ப்பது என்று அவ்விதிகள் கூறுவதில்லை.