நிலைப்படியில் நின்றுபோன கால்: பார்க்கின்சனும் தாளமும்

வழக்கமா இந்த பாட்காஸ்ட்ல ராஜா, கோட்டை, போர்னு பேசுவோம். இன்னைக்கு பேசப்போற வரலாறு ராஜபாளையத்துல எங்க தாத்தா வீட்டு நிலைப்படியில ஆரம்பிக்குது.

தாத்தா, என் அம்மாவோட அப்பா. வயசு 76. ராஜபாளையம் பக்கத்துல சத்திரப்பட்டினு ஒரு ஊர் இருக்கு. ஆஸ்பத்திரியில காயத்துக்குக் கட்டுற பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். அங்க நாற்பது வருஷம் பவர்லூம் ஓட்டினவர் அவர். சில வருஷத்துக்கு முன்னாடி கை நடுக்கம்னு ஆரம்பிச்சது, பார்க்கின்சன் நோய்னு டாக்டர் சொன்னார். மாத்திரை போட்டதும் நடுக்கம் நல்லாவே குறைஞ்சது. ஆனா நடை மட்டும் சரியா வரல.

ஹால்ல நல்லா நடந்து வருவார். நிலைப்படி வந்ததும் டக்குனு நின்னுடுவார். அம்மாச்சி பின்னாடி நின்னு, "காலைத் தூக்கி வைங்க, தூக்கி வைங்க"ன்னு கத்துவாங்க. அவர் குனிஞ்சு தன் காலையே பார்ப்பார், யாரோ ஒருத்தரோட காலைப் பார்க்கிற மாதிரி. ஒருநாள் என்கிட்ட சொன்னார்: "மனசு வெளிய போயிருச்சுய்யா, கால் உள்ளயே நிக்குது." மருத்துவத்துல இதை ஃப்ரீஸிங், அதாவது நடை உறைதல்னு சொல்றாங்க. கதவு, குறுகலான இடம், திரும்புற இடம், இங்கெல்லாம்தான் அதிகமா வரும். ரெண்டு தடவை கீழ விழுந்தார். அப்புறம் வெளிய போறதையே நிறுத்திட்டார்.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். பிரச்சினைனு ஒண்ணு வந்தா உடனே ஒரு ஆப் இருக்கான்னு தேடுற ஜாதி. தாளச் சத்தம் கேட்டுக்கிட்டே நடந்தா பார்க்கின்சன் நடை மேம்படும்னு எங்கேயோ படிச்சேன். மெட்ரோனோம் ஆப் ஒண்ணு இறக்கினேன். திறந்ததும் நிமிஷத்துக்கு 120 தட்டுன்னு இருந்தது. அதை மாத்தணும்னுகூடத் தோணல. "நடங்க தாத்தா"ன்னேன்.

நடந்தார். நாலாவது அடியில வேகம் கூடுச்சு. அடி சின்னதாச்சு, உடம்பு முன்னாடி சாஞ்சது, கிட்டத்தட்ட ஓட ஆரம்பிச்சுட்டார். நான் குறுக்க பாய்ஞ்சு பிடிக்கலைன்னா சுவத்துல மோதியிருப்பார். அம்மாச்சி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு.

நான் என்ன தப்பு பண்ணேன்? அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்த வரலாற்றுக்குள்ள போனேன்.

1817. லண்டன்ல ஹாக்ஸ்டன்ற பகுதியில ஜேம்ஸ் பார்க்கின்சன்னு ஒரு மருத்துவர். நடுக்கு வாதம் பத்தி ஒரு சின்ன நூல் எழுதுறார். மொத்தம் ஆறே ஆறு பேரோட கதை. அதுல சிலர் அவரோட நோயாளிகளே இல்ல, தெருவுல போறப்போ பார்த்தவங்க. ஆமா, ஒரு பெரிய நோயோட முதல் தெளிவான விவரிப்புல ஒரு பங்கு, தெருவுல ஜனங்க எப்படி நடக்குறாங்கன்னு உத்துப் பார்த்ததுல இருந்து வந்தது. உடம்பு முன்னாடி சாயும், நடை தானாவே ஓட்டமா மாறும்னு அவர் அப்பவே எழுதிட்டார். எங்க வீட்டு ஹால்ல நான் பார்த்தது 200 வருஷத்துக்கு முன்னாடியே பதிவான விஷயம். பிற்பாடு பாரிஸ் மருத்துவர் ஷார்கோதான் இந்த நோய்க்கு பார்க்கின்சன் பெயரை வைக்கச் சொன்னார்.

அடுத்த காட்சி நம்ம ஊர்ல. 1937, சென்னைப் பல்கலைக்கழகத்தோட உயிர்வேதியியல் ஆய்வுக்கூடம். தாமோதரன், ராமசாமினு ரெண்டு விஞ்ஞானிகள் பூனைக்காலி விதையில இருந்து ஒரு அமினோ அமிலத்தைப் பிரிச்சு எடுக்குறாங்க. பூனைக்காலி தெரியும்ல? காய் மேல இருக்கிற சுணை பட்டா உடம்பெல்லாம் அரிக்குமே, அந்தக் கொடிதான். அவங்க பிரிச்ச பொருள் லெவோடோப்பா. இன்னைக்கு எங்க தாத்தா போடுற மாத்திரையில இருக்கிற அதே பொருள். அவரை விதையில இருந்து அதை 1913-லயே ஐரோப்பாவுல பிரிச்சிருந்தாங்க. ஆனா பார்க்கின்சனுக்கும் அதுக்கும் ஒரு தொடர்பு இருக்குன்னு 1937-ல உலகத்துல யாருக்கும் தெரியாது.

இங்க ஒரு நிமிஷம். கம்பவாதம்னு ஆயுர்வேதம் பேசுது, பூனைக்காலி நம்ம மருந்துச் செடி, எல்லாம் உண்மை. அதுக்காகப் பொடி வாங்கித் தாத்தாவுக்குக் கலக்கிக் கொடுத்துடாதீங்க. ஒரு ஸ்பூன் பொடியில லெவோடோப்பா எவ்வளவு இருக்கும்னு சீரா சொல்ல முடியாது. அளவு கூடினாலும் குறைஞ்சாலும் ஆபத்து.

அந்தத் தொடர்பு தெரிய இன்னும் இருபது வருஷம் ஆச்சு. 1957-ல ஸ்வீடன்ல ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுக்கிறார். அதுவும் நம்ம ஊர்ச் செடி சர்ப்பகந்தாவுல இருந்து வந்த மருந்துதான். முயல்கள் அசையாம கிடக்குது. லெவோடோப்பா கொடுத்ததும் எழுந்து நடமாடுது. மூளையில டோபமைன்ற ரசாயனம் அசைவுக்குத் தேவைங்கிற புரிதல் இங்கிருந்து வளர்ந்தது. இதுக்காக அவருக்கு 2000-ல நோபல் கிடைச்சது. 1960-ல வியன்னாவுல, பார்க்கின்சனால இறந்தவங்களோட மூளையில டோபமைன் குறைஞ்சு போயிருந்ததைக் கண்டுபிடிச்சாங்க.

இப்போ 1967-ஐ குறிச்சு வச்சுக்கோங்க. அந்த வருஷம் ரெண்டு விஷயம் அச்சுல வருது.

ஒண்ணு, அமெரிக்காவுல ஜார்ஜ் கோட்ஸியாஸ் வெளியிட்ட ஆய்வு. வாய்வழியா கொஞ்சம் கொஞ்சமா அளவைக் கூட்டிக் கொடுத்தா இந்த மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு காட்டுது. முடங்கிக் கிடந்தவங்க எழுந்தாங்க, உலகம் முழுக்க செய்தி. மாத்திரையோட காலம் தொடங்குது.

இன்னொண்ணு, லண்டன் நரம்பியல் மருத்துவர் பர்டன் மார்ட்டின் எழுதின ஒரு புத்தகம். நடக்க முடியாத நோயாளிகளுக்கு முன்னாடி, தரையில குறுக்குக் குறுக்கா கோடு போட்டா, ஒவ்வொரு கோட்டையும் தாண்டித் தாண்டி அவங்க நடக்கிறாங்கன்னு அதுல காட்டுறார். போற திசையிலயே நீளமா போட்ட கோடு உதவல. குறுக்குக் கோடுதான் உதவுச்சு. கால்ல பலம் இருக்கு, நடக்கத் தெரியும். ஆனா "இப்போ எடுத்து வை"ன்னு உள்ளுக்குள்ள சொல்ற குரல்தான் பலவீனமாயிடுச்சு. அந்தக் கட்டளை வெளிய இருந்து வந்தா கால் கேக்குது.

மாத்திரை உலகத்தையே மாத்திடுச்சு. கோடு ஒரு வேடிக்கையான தகவலா ஓரத்துல நின்னுடுச்சு. நியாயம்தான், மாத்திரை அவ்வளவு பெரிய வெற்றி. ஆனா வருஷம் போகப் போக ஒரு உண்மை தெரிஞ்சது. நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் கட்டுப்படுற அளவுக்கு, நடை உறையறது மாத்திரைக்குக் கட்டுப்படுறதில்ல. எங்க தாத்தா வீட்டுக் கதையும் அதேதான்.

சத்தம் எப்போ கதைக்குள்ள வருது? நியூயார்க் ஆஸ்பத்திரி ஒண்ணுல வேலை பார்த்த ஆலிவர் சாக்ஸ், 1973-ல வெளியிட்ட தன் புத்தகத்துல, உறைஞ்சு கிடந்த நோயாளிகள் இசை கேக்குறப்போ அசையறதை எழுதினார். பலர் பார்த்திருக்காங்க, வியந்திருக்காங்க. ஆனா வியப்பு வேற, அளவீடு வேற.

அளந்தது 1996-ல. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்துல மைக்கேல் தாட்னு ஒரு ஆராய்ச்சியாளர். அடிப்படையில இசைக்காரர். அவரும் அவர் குழுவும் 15 பார்க்கின்சன் நோயாளிகளுக்கு, தாளத் தட்டு தெளிவா கேக்குற மாதிரி பதிவு செஞ்ச இசையைக் கொடுத்தாங்க. தினமும் அரை மணி நேரம், மூணு வாரம், வீட்டுலயே நடைப் பயிற்சி. இன்னொரு குழு அதே அளவு நடந்தது, ஆனா தாளம் இல்லாம. மூணாவது குழுவுக்குப் பயிற்சியே கிடையாது. முடிவு: தாளத்தோட நடந்தவங்க வேகம் 25 சதவீதம் கூடுச்சு, அடியோட நீளம் 12 சதவீதம் கூடுச்சு. தாளம் இல்லாம நடந்தவங்களுக்கு வேகம் 7 சதவீதம்தான் கூடுச்சு. பயிற்சியே இல்லாதவங்களுக்கு 7 சதவீதம் குறைஞ்சது.

இது எப்படி வேலை செய்யுது? நம்ம பாஷையில சொன்னா, மூளைக்குள்ள ஒரு க்ளாக் இருக்கு. அடிக்கு அடி நேரம் பார்த்துக் கொடுக்கிற வேலையில மூளையோட அடிப்பகுதியில இருக்கிற பேசல் கேங்லியா ஒரு முக்கியப் பங்கு எடுக்குது. டோபமைன் குறைஞ்சா அந்த க்ளாக் தடுமாறும். வெளிய இருந்து சீரான தட்டு வந்தா, சிறுமூளை மாதிரி வேற பாதைகள் வழியா அசைவு கிளம்ப முடியும்னு விஞ்ஞானிகள் விளக்குறாங்க. அடுத்த தட்டு எப்போ வரும்னு காதுக்கு முன்கூட்டியே தெரியும், அதனால கால் முன்கூட்டியே தயாராகுது. உள்ள இருக்கிற க்ளாக் ரிப்பேர் ஆகல. வெளிய இருந்து ஒண்ணை இரவல் வாங்குறோம், அவ்வளவுதான்.

இரவல்னு சும்மா சொல்லல. 2007-ல பெல்ஜியம், இங்கிலாந்து, நெதர்லாந்து மூணு நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 153 பேரை வச்சு இன்னும் பெரிய சோதனை நடத்தினாங்க. வீட்டுக்கே போய் மூணு வாரப் பயிற்சி. பலன் கிடைச்சது, ஆனா சின்னப் பலன். பயிற்சி நின்னு சில வாரத்துல அதுவும் தேய்ஞ்சது. இரவல் வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துட்டா கையில எதுவும் மிஞ்சாது.

சரி, என் தப்புக்கு வரேன். தாத்தாவை ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பிசியோதெரபிஸ்ட் அக்காகிட்ட கூட்டிட்டுப் போனேன். 120 கதையைச் சொன்னதும் அவங்க சிரிக்கல. தாத்தாவை நடக்க விட்டு, வாட்சைப் பார்த்து எண்ணினாங்க. நிமிஷத்துக்கு 88 அடி. "தம்பி, பாட்டுக்குத் தாத்தா ஆடக்கூடாது. தாத்தா காலுக்குத்தான் பாட்டு ஆடணும்"னாங்க. சிலருக்கு அவங்க நடைவேகத்தைவிட அஞ்சு, பத்து சதவீதம் கூட்டலாம். ஆனா உறைஞ்சு நிக்கிறவங்களுக்குக் கூட்டினா அடி இன்னும் சின்னதாகலாம். அவங்களுக்கு அவங்க வேகமே, இல்ல அதைவிடக் கொஞ்சம் கம்மி. பக்கத்துல எப்பவும் ஒரு ஆள் இருக்கணும். மாத்திரையைக் குறைக்கக் கூடாது.

மெட்ரோனோமை 86-க்கு வச்சோம். நடை சரியா வந்தது. ஆனா தாத்தாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கல. "மண்டைக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி இருக்குய்யா"ன்னார். சினிமாப் பாட்டு போட்டா நடக்கிறதை விட்டுட்டு வரியைக் கேக்க ஆரம்பிச்சுடுவார்.

அப்போதான் தறி ஞாபகம் வந்தது. சத்திரப்பட்டியில சொந்தக்காரர் ஒருத்தர் தறிக்கூடத்துக்குப் போய் ரெக்கார்ட் பண்ணிட்டு வந்தேன். முதல் ரெக்கார்டிங் வேலைக்கே ஆகல. இருபது தறி ஒண்ணா ஓடுறப்போ அது தாளம் இல்ல, இரைச்சல். ரெண்டாவது தடவை விடியக்காலையில போய், ஒரே ஒரு தறி ஓடுறப்போ பதிவு பண்ணேன். டடக், டடக், டடக். நிமிஷத்துக்கு 120-க்கு மேல அடிச்சது. லேப்டாப்ல வேகத்தைக் குறைச்சு 86-க்குக் கொண்டு வந்தேன்.

ஹெட்போனை மாட்டினதும் தாத்தா கண்ணை மூடிக் கேட்டார். "யாரு தறிய்யா இது? இவ்வளவு மெதுவா ஓடுது. மோட்டார் பெல்ட்டைப் பாக்கச் சொல்லு"ன்னார். சொல்லிட்டே எழுந்தார், நடந்தார். நிலைப்படிக்கு வந்ததும் நின்னார். சத்தம் நிக்கல. ரெண்டு தட்டு கேட்டார், மூணாவது தட்டுல கால் வெளிய வந்துச்சு. அம்மாச்சி ஒண்ணும் கத்தல.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆடிப்பூரத் தேர் பார்த்தவங்களுக்கு இது புரியும். அவ்வளவு பெரிய தேர், வடம் பிடிக்க ஆயிரக்கணக்கான பேர். தனித்தனியா இழுத்தா அசையாது. மேளமும் "கோவிந்தா"ங்கிற கோஷமும்தான் அத்தனை பேரையும் ஒரே நொடியில இழுக்க வைக்கும். நம்ம முன்னோர் பார்க்கின்சனுக்கு அப்பவே வைத்தியம் கண்டுபிடிச்சுட்டாங்கன்னு வாட்ஸ்அப் ஃபார்வர்டு மாதிரி சொல்ல வரல. சேர்ந்து அசையணும்னா வெளிய ஒரு பொதுத் தாளம் வேணும்ங்கிறது பழைய அனுபவம். அது ஒரு மனுஷனோட மூளைக்கும் காலுக்கும் நடுவுலயும் உதவும்னு எண்ணிக் காட்டினது 1996. சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போட்டா தேர் நின்னுடும். எங்க தாத்தாவுக்கும் அப்படித்தான், தேர்ல பழுதில்ல, கட்டை மாட்டிக்கிது. தாளம் அதைத் தட்டி விடுது, நோயைத் தீர்க்கல. சத்தத்தை நிறுத்தினா கட்டை திரும்ப வந்துடும்.

உங்க வீட்டுலயும் ஒருத்தர் நிலைப்படியில நிக்கலாம். அவர் கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. முதல்ல ஒரு நிமிஷம் அவர் எத்தனை அடி வைக்கிறார்னு எண்ணுங்க. அந்த எண்ணை எழுதிக்கிட்டு அவரோட டாக்டர்கிட்டயோ பிசியோதெரபிஸ்ட்கிட்டயோ போங்க. எண்ணாம ஆரம்பிச்சவன் சொல்றேன், கேளுங்க.

தாத்தா இப்போ காலையில தெருமுனை டீக்கடை வரைக்கும் போயிட்டு வர்றார், மாமா கூடவே நடக்குறார். சில நாள் வழியில உறைஞ்சு நிப்பார். அப்போ மாமாகிட்ட கையைக் காட்டி, "இரு, நூல் அறுந்திருக்கு, முடிஞ்சிட்டு வரேன்"னு சொல்வாராம்.