முடிச்சும் பட்டியும்

தம்பிலுவிலுக்குப் புகையிரதம் வந்ததில்லை. 1928இல் மட்டக்களப்பை எட்டிய இருப்புப்பாதை அங்கேயே நின்றுவிட்டது. கொழும்பிலிருந்து புகையிரதத்தில் ஏற்றிய பொதி, பத்திரிகைக் கட்டாயினும் பாடநூலாயினும், மட்டக்களப்பில் இறக்கப்பட்டு, 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலத்தைக் கடந்து, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என எழுபது கிலோமீற்றரளவு வீதிவழியே வரவேண்டியிருந்தது. கை மாறும் இடமெல்லாம் அது எறியப்படும், ஏனைய மூட்டைகளின் கீழ் நசுங்கும். இத்தனைக்கும் ஈடுகொடுத்தது அதன் கட்டு ஒன்றுதான்.

செய்தி எழுதியவனின் பெயரைப் பத்திரிகை அச்சிடும். கட்டைக் கட்டியவனின் பெயரை எவரும் அறியார். ஆனால் கட்டு அவிழ்ந்தால் செய்தி ஊர் போய்ச் சேராது. பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்த எனக்கு இது மறக்கவியலாத பாடம்.

பழைய கட்டு தும்புக் கயிறும் சணல் நூலும் கொண்டது. நெடுக்கே ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு முடிச்சு. கயிற்றை எவரும் அவிழ்க்கலாம், அவிழ்த்தவரே மீண்டும் முடியலாம். நடந்ததைக் கயிறு சொல்லாது. இக்குறையைப் போக்கவே பெறுமதிமிக்க தபாற் பொதிகளின் முடிச்சின்மேல் அரக்கை உருக்கி முத்திரை இட்டனர். கயிறு பொருளைக் காத்தது. அரக்கு நம்பிக்கையைக் காத்தது.

கைத்தொழில் வளர, இரும்புப் பட்டி வந்தது. இலங்கைத் தேயிலைப் பெட்டிகள் உலோகப் பட்டிகளால் இறுக்கப்பட்டே கப்பல் ஏறின. பட்டியை இழுத்து இறுக்கும் கருவியும், இரு முனைகளையும் சேர்த்து நெரிக்கும் உலோகப் பூட்டும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவின. 1954இல் இத்தாலிய விஞ்ஞானி நாட்டாவின் ஆய்வுகூடத்தில் உருவாகி, 1957இல் சந்தைக்கு வந்த பொலிபுறொப்பிலீன், பின்னர் சிறு பொதிகளுக்குரிய பிளாஸ்டிக் பட்டியாயிற்று. இரும்பைவிட இலேசானது, கையைக் கிழிக்காதது. எனினும் நாட்செல்ல நெகிழும். வெயிலில் கிடந்தால் நொறுங்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் அட்டைப் பெட்டியின் விளிம்பை வெட்டிவிடும். அதனால் மூலைகளில் தடித்த அட்டை வைப்பர்.

கயிற்றுக்கு இல்லாத ஒரு குணம் பட்டிக்கு உண்டு. அறுத்தால் அறுத்ததுதான். அரக்கு செய்த வேலையில் ஒரு பங்கைப் பட்டி தானே செய்கிறது.

அந்தக் குணமே 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் சுமையாயிற்று. சோதனைச் சாவடிகளில் பொதிகள் திறந்து பார்க்கப்பட்டன. அறுந்த பட்டியை நடுவீதியில் மீண்டும் பூட்டக் கருவி ஏது? கயிறாயின் அவிழ்த்துக் காட்டி, அங்கேயே முடிந்துகொள்ளலாம். பலமுறை திறக்கப்படும் என்று தெரிந்தே கட்டப்படும் பொதிக்குப் பழைய முடிச்சே ஏற்றதாயிற்று. தொழில்நுட்பம் முன்னேறியது, எங்கள் வீதிகள் எங்களைக் கயிற்றுக்கே திருப்பி அனுப்பின. பொதியைத் திறக்காமல் வாங்கும் உரிமை எத்துணைப் பெரிதென்பதை அந்நாட்களில்தான் உணர்ந்தோம்.

கல்முனைக்கு வடக்கே மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். அங்கு நெய்யும் சாரமும் சேலையும் வெளியூர்ச் சந்தைகளை நம்பியவை. துணிப் பொதியை நன்கு அமுக்கிக் காற்றைப் போக்கிய பின்னரே கட்டவேண்டும். இன்றேல் வழியில் துணி படிந்து கட்டு தளர்ந்துவிடும். ஈரம் புகுந்தால் நெசவாளியின் பல நாள் உழைப்பு வீண். பட்டி தண்ணீரைத் தடுக்காது. உள்ளே பொலித்தீன் உறை வேண்டும்.

வாசகரே, அடுத்த முறை உங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு பொதி வந்தால், கத்தரிக்கோலை எடுக்குமுன் அதன் பட்டியைச் சற்றுப் பாருங்கள். அறுபடாமல் வந்திருக்கிறதா? அப்படியாயின் இடையில் எவரும் அதைத் திறந்திருக்கமாட்டார் என்று பெரும்பாலும் நம்பலாம். அதை முதலில் திறக்கப்போகிறவர் பெரும்பாலும் நீங்களே. எங்கள் கரையோரத்து மக்களுக்கு ஒரு தலைமுறைக் காலம் வாய்க்காத பேறு அது.