முகமாலையில் யந்திரம்

புது பம்பாயின் சான்பாடாவில் குடியிருப்பவர்களுக்கு மண் தோண்டும் யந்திரம் ஒரு புதுமையே அல்ல. வாஷிக் கழியைத் தாண்டி ரயில் இந்தப் பக்கம் வருவதற்கு முன்னர் உப்பளமும் சதுப்பும் வயலுமாகக் கிடந்த இந்தப் பிரதேசத்தை, 1970ஆம் ஆண்டில் தோன்றிய ஸிட்கோ என்ற நகர அமைப்பு நிறுவனம் மனைகளாக வகுக்கத் தொடங்கிய காலந்தொட்டு இன்றுவரை, ஏதேனும் ஒரு தெருமுனையில் மஞ்சள் நிற யந்திரமொன்று தன் இரும்புக் கரத்தைப் பூமிக்குள் இறக்கிக்கொண்டேதான் இருக்கிறது. அதை ஓட்டுகிறவன் மண்ணை நம்புகிறான். குடிநீர்க் குழாயோ மின்சாரக் கம்பியோ அறுந்துவிடக் கூடும் என்பதற்கு மேல் அவனுக்குப் பெரிய பயம் எதுவுமில்லை. ஏறக்குறைய இதே ஜாதியைச் சேர்ந்த யந்திரம், பாக் நீரிணைக்கு அப்பால், யாழ்ப்பாணக் குடாநாட்டின் கழுத்துப் போன்ற நிலப்பகுதியிலுள்ள முகமாலையில், உருக்குத் தகடும் கனத்த கண்ணாடியும் கவசமாகப் பூண்டு, ஒவ்வொரு கூடை மண்ணையும் சந்தேகித்தபடி வேலை செய்து வந்திருக்கிறது. போர்க்களத்துக்காகவே பிறந்த யந்திரங்களும், விஞ்ஞானக் கூடங்களில் உருவான ரோபோக்களும் சாதிக்காததை, வீடு கட்டுகிறவர்களின் இந்தச் சாதாரண யந்திரம் அங்கே சாதித்தது எப்படி என்பது சற்று நிதானமாகச் சொல்லவேண்டிய சரித்திரம்.

அந்தச் சரித்திரத்தின் முற்பகுதியில் நம் பம்பாயின் பெயருக்கும் பங்குண்டு. பூனாவை அடுத்த கட்கியைத் தலைமையிடமாகக் கொண்ட பம்பாய் ஸாப்பர்ஸ் படையில் இளம் அதிகாரியாக இருந்த பிரேமீந்திர சிங் பகத், 1941 ஜனவரி 31ஆம் தேதி இரவு மெதெம்மா என்ற ஊர் வீழ்ந்தபின், அபிஸீனியாவுக்குள் பின்வாங்கிய இத்தாலியப் படையைத் துரத்திச் சென்ற அணியின் முதல் வண்டியிலே அமர்ந்து, நான்கு நாட்களில் 55 மைல் தூரத்திற்குப் பதினைந்து கண்ணிவெடி வயல்களைக் கண்டுபிடித்து அகற்றுவித்தார். அவர் ஏறியிருந்த வண்டி இருமுறை வெடியில் சிக்கிச் சிதைந்து, உடனிருந்தோர் அடிபட்டனர். வெடியோசையால் அவரது செவிப்பறை ஒன்று கிழிந்தது. ஓய்வு கொள்ளச் சொன்னபோதும் மறுத்து, விடியற்காலை முதல் அந்தி வரை அவர் அந்த வேலையையே செய்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்திய அதிகாரி அவரே. பிற்காலத்தில் லெஃப்டினன்ட் ஜெனரலாக உயர்ந்த அவரது வாழ்க்கையில் வேறு பல பெருமைகளும் உண்டெனினும், நமக்கு இங்கே வேண்டிய விஷயம் ஒன்றுதான்: அந்த 55 மைல் முழுவதிலும் படைக்கும் அபாயத்துக்கும் இடையே நின்றது மனிதக் கண்ணும் மனிதக் கையும் மட்டுமே.

இந்த நிலை அடுத்த ஆண்டே மாறத் தொடங்கிற்று. போலந்து நாட்டு அதிகாரி யூஸெஃப் கொஸாட்ஸ்கி, பிரிட்டனில் அடைக்கலம் புகுந்திருந்த காலத்தில் வடிவமைத்துக் கொடுத்த உலோகங்காணும் கருவிகளில் 500, 1942 அக்டோபரில் எல் அலமெய்ன் யுத்தத்தில் பயன்பட்டன. தென்னாப்பிரிக்கரான அபிரகாம் து டாய் என்பவரின் யோசனைப்படி, டாங்கியின் முன்னே சுழலும் உருளையொன்றைப் பொருத்தி, அதில் தொங்கும் சங்கிலிகளால் நிலத்தை ஓங்கி ஓங்கி அடித்து வெடிகளை வெடிக்கவைக்கும் யந்திரமும் அந்த யுத்தத்திலேதான் களமிறங்கிற்று. ‘தேள்’ என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அது எழுப்பிய புழுதிப் படலத்தில் ஓட்டுகிறவனுக்கே வழி தெரியாது. ஆயினும் படை புகுந்து செல்வதற்கு ஒரு பாதை கிடைத்தது.

பாதை என்பதுதான் இங்கே கருதவேண்டிய விஷயம். சேனாதிபதிக்கு வேண்டியது படை செல்லுமளவு அகலமுள்ள ஒரு வழி. அதை விரைவில் கொடுத்துவிட்டால், இருபுறமும் மீந்து கிடக்கும் வெடிகளைப் பற்றி அவர் கவலைப்படுவதில்லை. அந்த வழியிலேயே ஒன்றிரண்டு தப்பிக் கிடந்தாலும் அதை யுத்தத்தின் செலவுக் கணக்கில் எழுதிவிடுவார். உழவன் கேட்பதோ வேறு. வரப்பு முதல் கிணற்றடி வரை, பிள்ளைகள் விளையாடும் மரத்தடி வரை, தன் நிலம் முழுவதும் அவனுக்கு வேண்டும். நூறு வெடிகளில் தொண்ணூற்றொன்பது போயின என்று சொன்னால், மிச்சமிருக்கும் ஒன்று எங்கே என்றுதான் அவன் கேட்பான். சேனைக்கான யந்திரம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் உத்தேசத்துடன் செய்யப்பட்டதே அல்ல.

சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானத்தை விட்டு வெளியேறத் தொடங்கிய 1988ஆம் ஆண்டில் காபூலில் தோன்றிய ஹேலோ டிரஸ்ட் முதலிய ஸ்தாபனங்கள்தாம் உழவனுடைய கேள்வியை முதலில் ஒரு தொழிலாக ஏற்றுக்கொண்டவை. 1997 டிசம்பரில் ஒட்டாவா நகரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கை கையெழுத்தானபோது உலகத்தின் கவனம் முழுவதும் இந்தப் பக்கம் திரும்பவே, மேனாட்டுச் சர்வகலாசாலைகளிலும் ஜப்பானிலும் ரோபோக்களைச் செய்யும் உற்சாகம் கரைபுரண்டது. பல கால்களால் நடப்பவை, சக்கரத்தில் ஊர்பவை, நீண்ட கையால் தரையைத் தடவுபவை என்று பலவும் வந்தன. இந்த உற்சாகத்திற்கிடையே ஆஸ்திரேலியரான ஜேம்ஸ் டிரெவெல்யன் சொன்ன வார்த்தை குளிர்ந்த நீர் தெளித்தாற்போல் இருந்தது. ஆட்டின் உடம்பில் காயம் படாமல் ரோமம் கத்தரிக்கும் ரோபோவை உருவாக்கிப் புகழடைந்தவர் அவர். ரோபோ என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்டவரே, கண்ணிவெடிக்கு ரோபோவைத் தேடுவது காலத்திற்கு முந்திய பிரயத்தனம் என்றும், வேலை செய்கிற மனிதனுக்கு நல்ல கைக்கருவியும் நல்ல முகக்கவசமும் கொடுப்பதே முதற்காரியம் என்றும் வாதித்தார். பிற்பாடு வடக்கிலங்கையில் நடந்தவை அவருக்குச் சாட்சி சொல்ல வந்தவை போலவே எனக்குத் தோன்றுகின்றன.

இலங்கை யுத்தத்தில் மிதிவெடியின் பிரயோகம் 1980களின் நடுவிலேயே தொடங்கிவிட்டது. அரசாங்கத்தின் இராணுவமும் புதைத்தது. விடுதலைப் புலிகளும் புதைத்தார்கள். 1987 முதல் 1990 வரை அங்கே இருந்த இந்திய அமைதிப்படைச் சிப்பாய்களிற் பலர் வீதிக்கடியிலிருந்த வெடிகளுக்கே இரையானார்கள். இராணுவத்தின் வெடிகளில் பிளாஸ்டிக் உறையும் அற்பமான உலோகமும் கொண்ட பாகிஸ்தானியத் தயாரிப்புகள் மிகுதி. புலிகள் தாங்களே செய்த ‘ஜொனி’ என்னும் மிதிவெடி ஒரு மரப்பெட்டி. ஒன்று கருவியின் காதுக்கு எட்டாதது. மற்றொன்று மழையிலும் கறையானிலும் உளுத்துப்போய், எந்த நிலையில் இருக்கிறதென்று யாரும் யூகிக்க முடியாதது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு புலிகள் வசமானபின், இரு தரப்பின் முன்னரங்கும் முகமாலையில் வந்து நின்றது. 2009 ஜனவரியில் இராணுவம் அதைக் கைப்பற்றும் வரை, கடல்நீரேரிகளுக்கு நடுவே சில மைல் அகலமேயுள்ள அந்தத் தரையில், மண் அணைக்கு முன்னால் மண் அணையும், வரிசைக்கு மேல் வரிசையாக வெடிகளுமாக இரு தரப்பும் புதைத்துக்கொண்டே இருந்தன. உலகத்திலேயே மிக நெருக்கமாக வெடி விதைக்கப்பட்ட இடங்களில் ஒன்றென்று அதைச் சொல்வது மிகையன்று.

2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானதும், ஊர்திரும்பும் ஜனங்களின் அவசரத்தைப் பார்த்து ஹேலோ டிரஸ்ட் யாழ்ப்பாணத்திலும், நார்வே மக்கள் உதவி என்ற ஸ்தாபனம் வன்னியிலும் பணியைத் தொடங்கின. வன்னியில் அவர்கள் கண்ட காட்சி நிபுணர்களைத் திகைக்க வைத்தது. உள்ளூர்ப் பணியாளர்கள், தோட்டத்தில் சருகு வாருவதற்கென்றே உள்ள நீண்ட காம்பு போட்ட இரும்பு வாரியைக் கையில் கொண்டு, மண்ணை மேலிருந்து மெல்ல மெல்ல வாரி, வெடியின் பக்கவாட்டை முதலில் வெளிக்காட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாகச் சொல்லித்தரப்பட்ட முறையோ, குப்புறப் படுத்துக்கொண்டு கூரிய கம்பியால் அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்ப்பது. நார்வேக்காரர்கள் இந்த நாட்டு வழக்கத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகவில்லை. கனத்த வாரி ஒன்று, மெல்லிய வாரி ஒன்று என்று அதை ஒழுங்குபடுத்தி, காம்பின் நீளத்தையும் நிற்கும் முறையையும் வரையறுத்து, ஒரு முறையான சாஸ்திரமாகவே ஆக்கிவிட்டார்கள். மணற்பாங்கான அந்த மண்ணுக்கு அது பொருந்திற்று. உலோகம் இருக்கிறதா இல்லையா என்று வாரி கேட்பதில்லை. மண்ணையே முழுவதும் புரட்டிவிடுகிறபடியால் பிளாஸ்டிக்கும் மரமும் அதற்கு ஒன்றுதான். அபாயம் உண்டு என்பது மெய்யே; ஆனால் காம்பின் நீளம் வெடிக்கும் முகத்துக்கும் இடையே ஓர் அவகாசத்தைக் கொடுக்கிறது.

2006இல் போர் மீண்டும் மூண்டது. 2009 மே மாதம் அது முடிந்தபோது ஏறக்குறைய மூன்று லட்சம் ஜனங்கள் செட்டிகுளம் முதலிய இடங்களில் முகாம்களில் கிடந்தார்கள். அவர்களை ஊருக்கு அனுப்பவேண்டுமானால் மண்ணைச் சுத்தம் செய்தாக வேண்டும்; வாரியைக் கொண்டு அதை எத்தனை காலத்தில் முடிப்பது என்ற கேள்வி எழுந்தபோதுதான் யந்திரங்கள் கூட்டமாக வந்தன. ஸ்லோவாக்கியாவின் போஸெனா, குரோஷியாவின் எம்.வி.-4 என்னும் இரண்டுவகைச் சங்கிலியடி யந்திரங்களை இலங்கை இராணுவப் பொறியாளர்கள் ஓட்டினார்கள். இவற்றில் ஆள் உட்காருவதில்லை. தூரத்தில் நிற்பவன் கையிலிருக்கும் பெட்டியால் நடத்துகிறான். இந்திய அரசாங்கம் தன் முழுச் செலவில் ஏழு குழுக்களை அனுப்பிற்று. நம் இராணுவத்தில் பொறியாளர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள் நடத்திய சர்வத்ரா, ஹொரைஸன் என்ற ஸ்தாபனங்கள் அங்கே வேலை செய்தன.

சங்கிலியடி யந்திரம் திறந்த வயல்வெளியில் அற்புதமாக வேலை செய்தது. புதரை அழித்து, கம்பியில் கட்டிய பொறிவெடியை வெடிக்கவைத்து, இந்தப் பக்கம் வெடியே இல்லை என்ற நம்பிக்கையை விரைவில் கொடுத்தது. ஆனால் உளுத்த மரப்பெட்டியை அது அடித்தால், வெடிமருந்து வெடிக்காமலே துண்டு துண்டாகச் சிதறி, முன்பு ஓரிடத்தில் இருந்த அபாயம் பத்திடத்தில் பரவிவிடுவதும் உண்டு. பனங்குற்றிகளுக்கு நடுவே அதனால் திரும்ப முடியாது. மாரிகாலத்தில் சேறு அதை விடாது. ஆகவே அது போன இடமெல்லாம் மனிதர்கள் பின்னால் சென்று மீண்டும் பார்க்கவேண்டியிருந்தது. சேனாதிபதிக்காகப் பிறந்த யந்திரம், உழவன் முன்னால் பாதி பதில் மட்டுமே சொல்லிற்று.

முகமாலையின் மண் அணைகளில் அந்தப் பாதி பதிலும் கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் பெய்த மழையில் அணைகள் கரைந்து சரிந்து, மேலே புதைத்த வெடிகள் உலோகங்காணும் கருவிக்கு எட்டாத ஆழத்தில் போய்விட்டன. அங்கேதான் ஹேலோ டிரஸ்ட், நம் சான்பாடாவில் அஸ்திவாரம் தோண்டுகிற வகையைச் சேர்ந்த மண்வாரி யந்திரங்களுக்குக் கவசம் மாட்டி இறக்கிற்று. யந்திரம் அணையை அடுக்கடுக்காக அள்ளுகிறது. அள்ளிய மண்ணைச் சல்லடையில் போட்டு அரிக்கிறது. அரித்து நின்றதைப் பணியாளர் பார்த்து, வெடியைப் பிரித்தெடுத்துப் பின்பு வேறிடத்தில் அழிக்கிறார்கள். வெடியைத் தேடிக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் இதில் சிறிதும் இல்லை. மண்ணையெல்லாம் எடுத்துச் சலித்துவிட்டால் தேடவேண்டிய அவசியமே இல்லை என்ற எளிய தர்க்கம்தான். வன்னியின் வாரி செய்ததையே, இரும்புக் கை பெரிய அளவில் செய்தது என்று சொன்னால் தவறாகாது. யந்திரம் நுழையாத இடங்களில் இன்றும் வாரியும் கையுமே. அந்த வேலையைச் செய்கிறவர்களில் பெண்கள் பலர். யுத்தத்தில் புருஷனை இழந்து குடும்பத்தைத் தாங்கும் தாய்மார்கள் பலர். தாங்களே ஓடிவந்த ஊரின் மண்ணை, நாள் ஒன்றுக்குச் சில சதுர மீட்டர் வீதம், முகக்கவசத்துக்குள் வேர்த்துக்கொண்டு அவர்கள் திரும்ப வாங்குகிறார்கள். சில சமயங்களில் வாரியில் தட்டுப்படுவது வெடியல்ல, மனித எலும்பு. அப்போது வேலை நின்று நீதிமன்றத்தின் வேலை தொடங்குகிறது.

இலங்கையிலேயே பிறந்த ரோபோ ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. மொரட்டுவைச் சர்வகலாசாலையின் திரிஷாந்த நாணயக்காரவும் அவரது மாணாக்கர்களும் 2008ஆம் ஆண்டை ஒட்டி ஒரு கீரிப்பிள்ளையைப் பழக்கி, தூரத்திலிருந்து இயக்கும் ரோபோவோடு அதைப் பிணைத்து, வெடிமருந்தின் வாசனையைக் கீரி முகரவும், கீரியின் வழியை ரோபோ நடத்தவுமாக ஓர் ஏற்பாடு செய்து பார்த்தார்கள். வெடியின் மேல் நின்றாலும் வெடிக்காத அளவுக்குக் கீரியின் உடம்பு இலேசானது. ரோபோவுக்கு இல்லாத மூக்கு அதற்கு உண்டு. களத்தில் இது பெரிய அளவில் பரவவில்லையெனினும், யந்திரம் தன் குறையை ஒப்புக்கொண்டு துணை தேடிய அந்த எண்ணத்தில் எனக்கு மிகுந்த மதிப்புண்டு. டான்ஸானியாவில் ஆப்போப்போ ஸ்தாபனம் பழக்கும் பெரிய எலிகள் கம்போடியாவில் இதே வேலையை வெற்றிகரமாகச் செய்கின்றன.

முகமாலையை ஒட்டிய ரயில் பாதையில் வெடி அகற்றியபின், இந்தியாவின் இர்கான் நிறுவனம் தண்டவாளம் போட்டு, 2014 மார்ச்சில் பளை வரையும் அக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் ரயிலை ஓடச் செய்தது. 2017 டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. வெடிகளனைத்தையும் அகற்ற அது பெற்ற கெடு 2028 ஜூன் 1.

ஏழு குழுக்களை அனுப்பிய நம் நாடு அந்த உடன்படிக்கையில் இன்னும் கையெழுத்திடவில்லை. நீண்ட எல்லைகளைக் காப்பதற்கு வெடி வேண்டும் என்பது டில்லியின் வாதம். பார்லிமெண்டின் மீது நடந்த தாக்குதலையடுத்து 2001–02இல் பஞ்சாப், ராஜஸ்தான் எல்லையில் உழவர்களின் நிலங்களிலேயே படை வெடிகளைப் புதைத்தது; அது திரும்பியபின் அவற்றை எடுப்பதற்குள் சிப்பாய்களும் விவசாயிகளும் அங்கம் இழந்தார்கள். ராஜஸ்தானில் காற்றில் நகரும் மணல்மேடுகளோடு வெடிகளும் இடம்பெயர்ந்துவிடுகிறபடியால், புதைத்தவர்களின் வரைபடமே அங்கே பொய்த்தது. கட்கியில் பகத்தின் பெயரைப் போற்றும் படை, வெடி எடுப்பதைப் போலவே வெடி புதைப்பதையும் இன்றும் பாடமாகக் கற்பித்து வருகிறது.