தானாக வரும் பாட்டு

"ஷஃபிள்ல போட்டேன், இருபது வருசமா கேக்காத பாட்டு தானா வந்துச்சு" என்று எங்கள் தாம்பரம் பக்கத்தில் பலரும் சொல்லக் கேட்கிறேன். அந்தத் 'தானா' என்ற சொல்லைத்தான் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

கேட்பவர் தேர்ந்தெடுக்காமலே பாட்டு வந்து சேர்வது, 2005இல் ஐபாட் ஷஃபிள் வந்தபோது தொடங்கியதல்ல. வானொலி அப்படித்தான் இயங்கியது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சாஸ்திரிய சங்கீதத்தை உயர்த்திப் பிடித்து, அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கினார். சனங்கள் சும்மா இருக்கவில்லை. முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பினார்கள். அந்த நெருக்கடியில்தான் 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி பிறந்தது. அடுத்து என்ன பாட்டு என்பது கேட்பவருக்குத் தற்செயல். நிலையத்துக்கோ அது யாரோ தயாரித்த பட்டியல்.

பட்டியலைக் கேட்பவர் கைக்கு மாற்றியது கேசட். பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்தால் பதிந்து தருவார்கள். இந்தியாவில் எச்.எம்.வி.யின் ஏகபோகத்தைக் கேசட் உடைத்ததை பீட்டர் மேனுவல் 1993இல் வெளியான தம் நூலில் விரிவாகப் பேசுகிறார். தமிழில் நாட்டுப்புறப் பாட்டும் கானாவும் இயக்கப் பாட்டும் பெரிய கம்பெனிகளின் தயவில்லாமலேயே ஊர் ஊராகப் போனது இந்த உடைப்பின் வழியாகத்தான்.

அதே எச்.எம்.வி.யின் வாரிசான சரிகம, 2017இல் கார்வான் பெட்டியைக் கொண்டுவந்தது. தமிழ்க் கார்வானில் 5000 பாட்டுகள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கின்றன. பழைய ஏகபோகம் இப்போது ஏக்கத்தின் வடிவில் திரும்பி வந்திருக்கிறது. பெட்டிக்குள் இருப்பது நம் நினைவு அல்ல, ஒரு கம்பெனியின் சொத்துப் பட்டியல்.

கலைத்துப் போடும் முறையும் கள்ளமற்றது இல்லை. உண்மையான தற்செயலில் ஒரே பாடகர் அடுத்தடுத்து வரலாம். அப்படி வந்தபோது "இது ஷஃபிளே இல்ல" என்று கேட்பவர்கள் முறையிட்டார்கள். 2014இல் ஸ்பாட்டிஃபை, ஒரே பாடகரின் பாட்டுகள் தள்ளித் தள்ளி வரும்படி மாற்றியது. ஆக, தற்செயலாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே தற்செயல் குறைக்கப்பட்டது.

கடற்கரை-தாம்பரம் மின்ரயிலில் பார்வையற்ற பாடகர்கள் பழைய பாட்டுகளைப் பாடிக்கொண்டு வருகிறார்கள். அதுவும் நாம் கேட்காமல் வருகிற பாட்டுதான். ஆனால் அங்கே பாடுகிற ஆள் எதிரில் நிற்கிறார். அவருக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். காதை அடைத்துக்கொண்டு ஷஃபிளில் மூழ்கியவருக்கு அந்தக் கடமை இல்லை. பாட்டைப் பாடுகிற உடலிலிருந்து பிரித்துத் தருவதே இந்தச் சுகத்தின் அரசியல்.

பெட்டியில் போட்டதைத்தான் ஷஃபிள் திருப்பித் தரும். தெருமுனைக் கூட்டங்களில் விற்ற இயக்கக் கேசட்டுகள் நம் வீட்டுப் பரண்களில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. நாடாவின் காந்தப் பூச்சு உதிர்வதற்குள் யாராவது எடுத்துப் பிரதி செய்தால் உண்டு. இல்லையென்றால், எத்தனை முறை கலைத்துப் போட்டாலும் அந்தப் பாட்டுகள் தானாக வரப்போவதில்லை.